எரிமலை ஏன் வெடிக்கிறது? லாவாவை விட வாயுவைக் கவனியுங்கள்

1943ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் தேதி பிற்பகல். மெக்சிகோ நாட்டில் பாரிக்குட்டின் என்ற சிற்றூருக்கு அருகே டியோனீசியோ புலிடோ என்ற விவசாயி, மக்காச்சோளம் விதைப்பதற்காகத் தன் நிலத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். சில வாரங்களாகவே அந்தப் பகுதியில் நிலம் அடிக்கடி அதிர்ந்துகொண்டிருந்தது. அன்று வயலில் ஒரு பிளவு தெரிந்தது. சற்று நேரத்தில் இடியோசை கேட்டது, மரங்கள் நடுங்கின. பிளவை ஒட்டிய மண் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் உப்பி எழுந்தது. உள்ளேயிருந்து சீறிக்கொண்டு சாம்பல் நிறத் தூசி வந்தது. கந்தக நெடி அடித்தது. புலிடோ ஊரை நோக்கி ஓடினார்.

ஒரே நாளில் அந்த வயலில் ஏறத்தாழ 50 மீட்டர் உயரக் குன்று எழுந்துவிட்டது. ஓராண்டுக்குள் அது 300 மீட்டரைத் தாண்டியது. ஒன்பது ஆண்டுகள் கக்கித் தீர்த்துவிட்டு 1952இல் ஓய்ந்தபோது அதன் உயரம் 424 மீட்டர். பக்கத்து ஊரான சான் ஹுவான் பரங்காரிகுட்டிரோவை லாவா மூடிவிட்டது. அந்த ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் கறுத்துக் கிடக்கும் லாவாப் பாறைகளுக்கு மேலே இன்றும் தலைநீட்டி நிற்கிறது.

மலை ஒன்று ஏற்கெனவே இருக்கும், அதன் உச்சியில் ஒரு நாள் ஓட்டை விழுந்து உள்ளிருப்பது பொங்கும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பாரிக்குட்டினில் மலை இருக்கவே இல்லை. முதலில் வந்தது பிளவு. அதன் வழியே வெளியே வந்த கல்லும் சாம்பலும் லாவாவும் பிளவைச் சுற்றியே விழுந்து குவிந்தன. அந்தக் குவியல்தான் மலை. உலகின் எரிமலைகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவைதான். பெரும்பாலானவற்றின் பிறப்பைப் பார்க்க அங்கே மனிதர்கள் இருக்கவில்லை, அவ்வளவே.

பூமிக்குள் குழம்புக் கடல் இல்லை

இன்னொரு தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. நாம் நிற்கும் நிலம் மெல்லிய ஓடு, அதற்குக் கீழே எங்கு தோண்டினாலும் உருகிய பாறை தளதளவென்று கொதிக்கிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். சில பாடப்புத்தகப் படங்களும் அப்படித்தான் சிவப்பு வண்ணத்தை அள்ளிப் பூசியிருக்கும். உண்மை அதுவல்ல.

மேலோட்டுக்குக் கீழே கவசம் என்ற அடுக்கு ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை நீள்கிறது. கடுமையான சூடுதான், ஆனால் திடப்பொருள். யாரும் அங்கே போய்ப் பார்த்ததில்லையே, எப்படித் தெரியும் என்று கேட்டால், நல்ல கேள்வி. நிலநடுக்கம் ஏற்படும்போது பூமிக்குள் பலவகை அலைகள் பாய்கின்றன. அவற்றில் இரண்டாம் நிலை அலைகள் எனப்படுபவை திரவத்தின் வழியே போகாது. அவை கவசத்தின் வழியே தாராளமாகப் போகின்றன. ஆகவே கவசம் திடம். அதற்கும் கீழே உள்ள வெளிக்கருவம் திரவம்தான். ஆனால் அது பெரும்பாலும் உருகிய இரும்பு. அது எரிமலை வழியாக மேலே வருவதில்லை.

அப்படியானால் உருகிய பாறை எங்கிருந்து வருகிறது? சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும் கவசத்தின் ஒரு சிறு பங்கு உருகுகிறது. அதைத்தான் பாறைக்குழம்பு அல்லது மாக்மா என்கிறோம். அதே குழம்பு நிலத்துக்கு மேலே வந்துவிட்டால் லாவா.

உருகுவதற்குக் கூடுதல் நெருப்பு தேவைப்படுவதில்லை என்பதுதான் வியப்பு. ஆழத்தில் இருக்கும் பாறை ஏற்கெனவே உருகும் அளவுக்குச் சூடாகத்தான் இருக்கிறது. மேலே இருக்கும் பாறைகளின் பாரம் அதை உருகவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. அந்த அழுத்தம் குறைந்தால் போதும், உருகத் தொடங்கிவிடும். புவியின் மேற்பகுதி பல தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. இரண்டு தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் இடங்களில் கீழிருக்கும் சூடான பாறை மேலெழும்பி, அழுத்தம் குறைந்து, உருகுகிறது. இத்தகைய பிளவுகள் பெரும்பாலும் ஆழ்கடலுக்கு அடியில் இருக்கின்றன. பூமியின் எரிமலைச் செயல்பாட்டில் பெரும்பகுதி நம் கண்ணில் படாமல் கடலடியில் நடப்பது இதனால்தான். அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே ஓடும் பிளவு தண்ணீருக்கு மேலே தலைகாட்டும் இடம் ஐஸ்லாந்து.

உருகுவதற்கு இரண்டாவது காரணம் தண்ணீர். ஆம், தண்ணீர்தான். இரண்டு தட்டுகள் மோதும்போது கடலடித் தட்டு மற்றொன்றின் கீழே சரிந்து உள்ளே போகிறது. கடலடியில் நெடுங்காலம் கிடந்ததால் அதன் பாறைகளில் நீர் ஊறிப்போயிருக்கும். ஆழத்துக்குப் போகப்போக அந்த நீர் பிழியப்பட்டு, மேலே உள்ள சூடான கவசத்துக்குள் கலக்கிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். பசிபிக் பெருங்கடலைச் சுற்றிச் சுமார் 40,000 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்துள்ள நெருப்பு வளையத்தில் ஜப்பான், பிலிப்பைன்ஸ், சிலி போன்ற நாடுகளின் எரிமலைகள் வரிசைகட்டி நிற்பது இப்படித்தான். இந்த எரிமலைகளின் குழம்பில் நீர் நிறையக் கரைந்திருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுகளின் விளிம்பில் இல்லாமல் நடுவிலேயே சில எரிமலைகள் உண்டு. ஹவாய் தீவுகள் அப்படிப்பட்டவை. கீழே ஓரிடத்தில் சூடான பாறை ஓயாமல் மேலெழுந்துகொண்டிருக்க, அதன் மேலே பசிபிக் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஒன்றன்பின் ஒன்றாகத் தீவுகள் உருவாகின்றன. 1963இல் டூசோ வில்சன் என்ற கனடா நாட்டுப் புவியியல் அறிஞர் இந்த விளக்கத்தை முன்வைத்தார். வரிசையில் அடுத்த மலை இப்போதே ஹவாய்க்கு அருகே கடலுக்குள் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதன் உச்சி கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே இருக்கிறது.

வெடிக்க வைப்பது எது?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் களிமண் எரிமலை ஒன்று கட்டாயம் இருக்கும். வாய்க்குள் சமையல் சோடாவைப் போட்டு வினிகரை ஊற்றினால் சிவப்பு நுரை பொங்கி வழியும். கைதட்டலும் கிடைக்கும். அந்த மாதிரியை நான் குறை சொல்லமாட்டேன். ஏனென்றால் ஒரு விஷயத்தில் அது சரியாகவே சொல்கிறது. பொங்க வைப்பது வாயு. ஆனால் நிஜ எரிமலையில் இரண்டு பொருள்கள் கலந்து வேதிவினை நடப்பதில்லை. வாயு முதலிலேயே குழம்புக்குள் கரைந்திருக்கிறது. அதைக் காட்ட வேண்டுமானால் களிமண்ணும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். ஒரு சோடா பாட்டில் போதும். மூடியிருக்கும்வரை உள்ளே குமிழியே தெரியாது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது. கரைந்திருந்த வாயு குமிழிகளாகப் பிரிந்து, திரவத்தையும் இழுத்துக்கொண்டு வெளியே பாய்கிறது.

ஆழத்தில் மாக்மாவுக்குள் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கந்தக வாயுக்களும் கரைந்து கிடக்கின்றன. குழம்பு மேலே ஏறஏற அழுத்தம் குறைந்து அவை குமிழிகளாகப் பிரிகின்றன. நீர் ஆவியாக விரியும்போது நிலமட்டத்தில் ஆயிரம் மடங்குக்கும் மேல் இடத்தைக் கேட்கும். அந்த இடம் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால்தான் விபரீதம்.

கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது குழம்பின் பிசுபிசுப்பு. அது சிலிக்கா என்ற பொருளின் அளவைப் பொறுத்தது. சிலிக்கா பாதியளவே உள்ள குழம்பு இளகி ஓடும். அதன் வெப்பம் சுமார் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். குமிழிகள் சுலபமாகத் தப்பித்துவிடும். ஹவாயில் நடப்பது இதுதான். சிவப்பு ஆறுகள், அழகான படங்கள், பெரும்பாலும் ஓசையற்ற வழிதல். சிலிக்கா 70 சதவீதத்தைத் தொட்டால் குழம்பு நகரவே மறுக்கும் அளவுக்குக் கெட்டியாகிவிடும். குமிழிகள் உள்ளேயே சிறைப்பட்டு, அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் குழம்பையே தூள்தூளாக உடைத்துக்கொண்டு கிளம்பும். அந்தத் தூள்தான் எரிமலைச் சாம்பல். கூடவே, குமிழிகள் அப்படியே உறைந்துபோன நுரைக்கல்லும் விழும். அதைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். கல் மிதக்குமா என்று கேட்பவருக்கு இதைக் காட்டலாம்.

மூடி திறந்தால் என்ன ஆகும் என்பதை 1980இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள செயின்ட் ஹெலன்ஸ் மலை காட்டியது. மார்ச் மாதம் சிறு அதிர்வுகள் தொடங்கின. பின்னர் மலையின் வடக்குப் பக்கம் நாளுக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் வீதம் வெளியே புடைத்துக்கொண்டே வந்தது. கெட்டியான குழம்பு உள்ளே வந்து முட்டிக்கொண்டிருந்தது. மே 18ஆம் தேதி காலை 8.32 மணிக்கு ஒரு நிலநடுக்கம் வந்தது. புடைத்திருந்த பக்கம் முழுவதும் சரிந்து விழுந்தது. குழம்பின் மேலிருந்த பாரம் சட்டென்று விலகியதும் வெடிப்பு வானத்தை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் பாய்ந்து காடுகளைச் சாய்த்தது. 57 பேர் இறந்தனர். மலை தன் உயரத்தில் 400 மீட்டரை இழந்தது.

மலைகளின் வடிவத்தையும் இதே பிசுபிசுப்புதான் நிர்ணயிக்கிறது. இளகிய லாவா வெகுதூரம் பரவி ஓடுவதால் அகன்று, சரிவு குறைந்த கேடய எரிமலைகள் அமைகின்றன. ஹவாயின் மௌனா லோவா அத்தகையது. கெட்டியான லாவாவும் சாம்பலும் மாறிமாறிப் படிந்தால் ஜப்பானின் ஃபியூஜி போன்ற செங்குத்தான பல்சிட்டக் கூம்புகள் கிடைக்கும். பாரிக்குட்டின் தழல் கூம்பு வகை. தேர்வுக்கு இந்த மூன்று பெயர்களும் தேவைப்படும். ஆனால் காரணம் புரிந்துவிட்டால் மனப்பாடம் செய்யவேண்டிய அவசியமே இருக்காது.

எதற்குப் பயப்பட வேண்டும்?

திரைப்படங்களில் மக்கள் லாவாவுக்குப் பயந்து ஓடுவார்கள். நிஜத்தில் லாவா வீடுகளை விழுங்கும், சாலைகளை மூடும். ஆனால் பெரும்பாலான லாவா ஓட்டங்களிலிருந்து நடந்தே தப்பிவிடலாம். விதிவிலக்கு உண்டு. காங்கோ நாட்டின் நீராகோங்கோ எரிமலையில் 1977இல் லாவா ஏரி உடைந்து அசாதாரண வேகத்தில் ஓடி உயிர்களைப் பறித்தது. என்றாலும் எரிமலைகளின் வரலாற்றில் அதிக உயிர்ப்பலிக்குக் காரணமானவை வேறு.

முதலாவது, சூடான சாம்பலும் கல்லும் வாயுவும் கலந்து நிலத்தை ஒட்டி உருண்டோடி வரும் பெருமேகம். பல நூறு டிகிரி வெப்பம். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம். ஓடித் தப்ப முடியாது. கரீபியன் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில் பெலே மலையின் அடிவாரத்தில் செயின்ட் பியர் என்ற செழிப்பான துறைமுக நகரம் இருந்தது. 1902 மே 8ஆம் தேதி காலை அந்த மலையிலிருந்து இறங்கிய மேகம் ஓரிரு நிமிடங்களில் நகரத்தையே அழித்தது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டனர். நகருக்குள் உயிர் பிழைத்த மிகச் சிலரில் ஒருவர், தடித்த சுவர்கள் கொண்ட சிறை அறையில் அடைக்கப்பட்டிருந்த கைதி. கி.பி. 79இல் வெசுவியஸ் மலை வெடித்தபோது பாம்பேயிலும் ஹெர்குலேனியத்திலும் பலரைக் கொன்றது இதே வகை மேகம்தான்.

இரண்டாவது, சேற்று வெள்ளம். கொலம்பியாவில் உள்ள நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 5,000 மீட்டருக்கு மேல் உயரமானது. உச்சியில் பனிப்பாளங்கள் போர்த்தியிருக்கும். 1985 நவம்பர் 13ஆம் தேதி இரவு அது வெடித்தது. வெடிப்பு அப்படியொன்றும் பெரியதல்ல. ஆனால் சூடான சாம்பல் பனியை உருக்கியது. உருகிய நீர் மண்ணையும் பாறையையும் அள்ளிக்கொண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஓடிவந்த பிறகுதான் அது ஆர்மெரோ என்ற நகரை அடைந்தது. மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தனர். எந்தெந்த இடங்களுக்கு ஆபத்து என்று காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராக இருந்தது. ஊரைக் காலி செய்யும் உத்தரவுதான் வரவில்லை. இரண்டு மணி நேரத்தில் மேட்டுப்பகுதிக்கு ஏறியிருந்தாலே போதும் என்பதை நினைக்கும்போது கோபம்தான் வருகிறது.

மூன்றாவது சாம்பல். அடுப்புச் சாம்பலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது நொறுங்கிய பாறையும் கண்ணாடித் துகள்களும்; நீரில் கரையாது, கூரைமேல் சேர்ந்தால் கனக்கும். 1982 ஜூன் 24ஆம் தேதி இரவு, இந்தோனேசியாவின் ஜாவா தீவுக்கு அருகே சுமார் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானத்தின் நான்கு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. கலுங்குங் எரிமலையின் சாம்பல் மேகத்துக்குள் விமானம் நுழைந்திருந்தது. ஈரமில்லாத சாம்பல் வானிலை ரேடாரில் தெரியவில்லை. எஞ்சினுக்குள் போன துகள்கள் அங்கிருந்த சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டன. எஞ்சின் இல்லாமலேயே விமானம் கீழிறங்கி, மேகத்தை விட்டு வெளியே வந்த பிறகு, ஒட்டியிருந்தவை குளிர்ந்து உடைந்து உதிர, எஞ்சின்கள் மீண்டும் இயங்கின. சாம்பல் உரசியதில் முன்கண்ணாடி மங்கிப்போய் விமானிகளுக்கு ஓடுபாதை சரியாகத் தெரியவில்லை. எனினும் ஜகார்த்தாவில் பத்திரமாக இறக்கினார்கள். ஒருவருக்கும் உயிராபத்து இல்லை. 2010இல் ஐஸ்லாந்தில் பனியாற்றுக்கு அடியிலிருந்து ஓர் எரிமலை சாம்பல் கக்கியபோது ஐரோப்பாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்து செய்யப்பட்டதற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருக்கிறது.

பெரிய வெடிப்புகளின் விளைவு உலகம் முழுவதும் போகும். அதைச் செய்வது கந்தக டை ஆக்சைடு. அது வானத்தின் மேலடுக்கை எட்டி நுண்ணிய அமிலத் துளிகளாக மாறி, சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்தது. மறு ஆண்டில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் கோடையே வரவில்லை, பயிர்கள் பொய்த்தன. எங்கோ இருக்கும் மலைக்கும் தங்கள் வயலுக்கும் தொடர்பு உண்டென்று அன்றைய மக்களுக்குத் தெரியாது.

இவ்வளவு ஆபத்து இருந்தும் எரிமலைகளின் அடிவாரத்தில் கோடிக்கணக்கானோர் வாழ்கிறார்கள். சாம்பல் காலப்போக்கில் நல்ல வளமான மண்ணாகிறது. ஐஸ்லாந்தில் பத்து வீடுகளில் ஒன்பதுக்கு நிலத்தடிச் சூடுதான் கதகதப்பு தருகிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், பூமியின் ஆதி வளிமண்டலத்தையும் கடல்நீரில் ஒரு பங்கையும் தந்தவை எரிமலை வாயுக்களே.

முன்கூட்டியே சொல்ல முடியுமா?

செயல்படும் எரிமலை, உறங்கும் எரிமலை, தணிந்த எரிமலை என்று மூன்றாகப் பிரித்துப் படித்திருப்பீர்கள். இந்தப் பிரிவை அப்படியே நம்பிவிட வேண்டாம். பிலிப்பைன்ஸின் பினட்டுபோ மலை ஏறத்தாழ 500 ஆண்டுகள் சும்மா கிடந்தது. காடு மூடியிருந்த அந்த மலை எரிமலை என்பதே சுற்றியிருந்த பலருக்குத் தெரியாது. 1991 மார்ச்சில் அது அதிரத் தொடங்கியது. ஏப்ரலில் நீராவி பீறிட்டது. இந்த முறை பிலிப்பைன்ஸ் அறிவியலாளர்களும், ஆர்மெரோவின் பாடத்துக்குப் பிறகு உருவாக்கப்பட்ட அமெரிக்கக் குழு ஒன்றும் கருவிகளோடு மலையடியில் உட்கார்ந்தார்கள்.

அவர்கள் பார்த்தவை முக்கியமாக மூன்று. குழம்பு பாறைகளை உடைத்துக்கொண்டு மேலேறும்போது சிறு நிலநடுக்கங்கள் கூடும். இடம் பிடிக்க வரும் குழம்பால் நிலம் உப்பும். மேலே வரும் குழம்பு வாயுவை விடுவதால் காற்றில் கந்தக டை ஆக்சைடு பெருகும். பினட்டுபோவில் மே மாதம் அந்த வாயு சில நாள்களிலேயே பல மடங்கு உயர்ந்தது. ஜூன் தொடக்கத்தில் அது திடீரெனக் குறைந்தது. நிம்மதி அடைய வேண்டிய செய்தியா? இல்லை. வாயு வெளியேறும் வழி அடைபட்டிருக்கலாம் என்று அவர்கள் அஞ்சினார்கள். காலி செய்ய வேண்டிய வட்டத்தை 10 கிலோமீட்டரிலிருந்து படிப்படியாக 40 கிலோமீட்டர் வரை விரித்தார்கள். பல்லாயிரம் பேர் வெளியேறினர். ஜூன் 15ஆம் தேதி மலை வெடித்தது. அதே நாளில் ஒரு புயலும் வந்து சேர, மழையில் நனைந்து கனத்த சாம்பலால் கூரைகள் இடிந்து பலர் இறந்தார்கள். ஆனாலும் முன்னெச்சரிக்கையால் குறைந்தது 5,000 உயிர்கள் காக்கப்பட்டதாகக் கணிக்கப்படுகிறது. அந்த வெடிப்பு உலகின் சராசரி வெப்பநிலையைச் சுமார் அரை டிகிரி குறைத்தது.

எல்லா முறையும் கணக்கு இப்படிக் கூடிவராது. 1976இல் மார்ட்டினிக்குக்கு அருகிலுள்ள குவாதலூப் தீவில் சூஃப்ரியேர் எரிமலை முணுமுணுக்கத் தொடங்கியதும் 70,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். மூன்று மாதங்களுக்கு மேல் அவர்கள் வீடு திரும்ப முடியவில்லை. பெரிய வெடிப்பு வரவே இல்லை. தேவையில்லாமல் விரட்டிவிட்டார்கள் என்று மக்கள் கசந்துகொண்டார்கள். என்னைக் கேட்டால் அது தவறல்ல. செயின்ட் பியரின் நினைவு இருப்பவர்கள் வேறென்ன செய்வார்கள்? ஆனால் வீண் எச்சரிக்கை என்ற பேச்சுக்குப் பயந்துதான் ஒன்பது ஆண்டுகள் கழித்துக் கொலம்பியாவில் அதிகாரிகள் தயங்கினார்கள்.

இதே சிக்கல் இப்போது இத்தாலியில் இருக்கிறது. நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே கம்பி ஃப்ளேக்ரெய் என்ற எரிமலை உண்டு. அதைப் பார்த்தால் மலையாகவே தெரியாது. பழைய வெடிப்புகளில் நிலம் உள்வாங்கி உண்டான, 12 கிலோமீட்டருக்கும் மேல் அகன்ற பள்ளம் அது. அதற்குள்ளேயே ஊர்கள், பள்ளிகள், துறைமுகம் எல்லாம் இருக்கின்றன. கடைசியாக 1538இல் வெடித்தது. 1982 முதல் 1984 வரை பொட்சுவோலி ஊரின் நிலம் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது; சுமார் 40,000 பேர் இடம் மாற்றப்பட்டனர்; வெடிப்பு வரவில்லை, நிலம் மெல்லத் தாழ்ந்தது. 2005 முதல் அது மீண்டும் உயர்ந்துவருகிறது. ஆபத்துப் பகுதியில் வாழும் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரையும் 72 மணி நேரத்தில் வெளியேற்ற அரசிடம் திட்டம் இருக்கிறது. வெடிப்புக்கு மூன்று நாள் முன்னதாகவே உத்தரவு பிறந்தால்தான் அந்தத் திட்டம் பலிக்கும். நிலம் எவ்வளவு உயர்ந்தால், அதிர்வு எந்த அளவுக்குப் போனால் அந்த உத்தரவைப் போடுவது என்பதில்தான் அறிவியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.